பதில் சொல்லாத கரை

கார்த்திகை பிறந்துவிட்டால் சிந்தலப்பட்டுக் காலனியில் பொழுது சாயும் முன்னே ஆற்றங்கரை காலியாகிவிடும். துவைத்த துணி பாதிதான் காய்ந்திருந்தாலும் சரி, ஆடு ஒன்று தாழம்புதருக்குள் நின்றுபோனாலும் சரி, அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். விளக்கு வைத்துச் சற்று நேரம் போனதும் ஆற்றுப் பக்கமிருந்து அந்தக் குரல் வரும்.

"வந்துட்ச்சா?"

அவ்வளவுதான். சில நாள் பெண் குரல், சில நாள் ஆண் குரல். அதில் அதட்டலும் இல்லை, அழுகையும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி குழாயில் தண்ணீர் வந்துவிட்டதா என்று கேட்பாளே, அப்படியொரு சாதாரணக் குரல். அந்தச் சாதாரணம்தான் பயமுறுத்தியது. காதில் விழுந்தவுடன் பெண்கள் பிள்ளைகளின் வாயைப் பொத்துவார்கள். பதில் சொன்னவரை அது கூட்டிக்கொண்டு போய்விடும். இருட்டிய பிறகு யார் கூப்பிட்டாலும் மூன்று தரம் கூப்பிடும்வரை வாய் திறக்கக் கூடாது என்று தவழும் வயதிலேயே பழகியவர்கள் அவர்கள். இந்தக் குரலோ ஒரு தரம் கேட்கும், மிஞ்சினால் இரண்டு தரம். மூன்றாவது தரம் அது கேட்டதே இல்லை.

குரலுக்கு ஒரு பெயரும் வைத்திருந்தார்கள்: வள்ளி.

வள்ளி, துலுக்காணத்தின் மனைவி. துலுக்காணம், சிந்தலப்பட்டு ஹால்ட் என்ற சிறு ரயில் நிறுத்தத்தின் ஏஜெண்ட். அதாவது புத்தூர் ஸ்டேஷனில் டிக்கெட்டை மொத்தமாக வாங்கிவந்து, ஒற்றை அறைக் கட்டடத்தின் ஜன்னல் வழியாக விற்கிறவன். சம்பளம் கிடையாது, சீருடை கிடையாது, கமிஷன் மட்டும். முன்பு ஊரில் ஒருவர் ஏஜெண்டாக இருந்தார். துலுக்காணம் அவருக்கு விளக்குத் தூக்கினான். அவர் பிள்ளைகள் மெட்ராஸில் வேலைக்குப் போய் அவரையும் அழைத்துக்கொண்ட பிறகு, இந்தச் சில்லறை வருமானத்துக்கு ஊரில் யாரும் ஆசைப்படவில்லை. அதனால் அது காலனிக்காரன் கைக்கு வந்தது. ஊர்க்காரர்கள் காசை அவன் கையில் கொடுக்கமாட்டார்கள், ஜன்னல் திண்டில் வைப்பார்கள். அவனும் டிக்கெட்டைத் திண்டில்தான் வைக்க வேண்டும்.

ஹால்ட் வந்தது அறுபதுகளில். நகரிச் சந்தைக்கு நெசவுத் துணியும் வெண்டைக்காயும் கொண்டுபோக ஊர்ப் பெரியவர்கள் நடையாய் நடந்து வாங்கியது. வடக்கே ஆறு, ஆற்றின் மேல் கல்தூண் பாலம், பாலம் முடிந்த இடத்திலிருந்து மண்ணோடு மண்ணாக ஒரு பிளாட்பாரம், தெற்கு முனையில் ஊருக்குப் போகும் ரோடு தண்டவாளத்தைக் கடக்கும் இடம். ஊர்க்காரர்கள் தெற்கு முனையில் நிற்பார்கள். காலனிப் பாதை ஆற்றோரமாக வந்து சேர்வதால் காலனிக்காரர்கள் வடக்கு முனையில் நிற்பார்கள். பாதை அப்படி அமைந்தது தற்செயல் என்று நினைப்பவர்கள் எந்த ஊரிலும் சேரி எந்தத் திசையில் இருக்கிறது என்று போய்ப் பார்க்கலாம். திருப்பதியிலிருந்து வரும் சாயங்கால வண்டியில் ஊர்க்காரர்கள் முன்பெட்டிகளில் வந்தார்கள், காலனிக்காரர்கள் கடைசிப் பெட்டியில் வந்தார்கள். எங்கும் எழுதி ஒட்டவில்லை. மாறி ஏறியவனிடம், "உங்க பொட்டி பின்னாடி கீது" என்று சொல்ல ஒரு வாய் எப்போதும் இருந்தது.

தொண்ணூறுகளில் கிணறுகள் வற்றின, நிலக்கடலை கைவிட்டது. அதே சமயம் திருப்பதியில் லாட்ஜுக்கு மேல் லாட்ஜாக எழும்பின. காலனி முழுக்க ரயிலேறியது. ஆண்கள் சித்தாள் வேலைக்கும் கம்பெனிக் காவலுக்கும், பெண்கள் திருச்சானூர் லாட்ஜுகளில் அறை கூட்டவும் போனார்கள். களையெடுக்க ஆள் கிடைக்காத ஊர்க்காரர்கள் அந்த ரயிலைச் சபித்தார்கள். கூட்டம் தாங்காமல் வண்டியில் பெட்டிகளைச் சேர்த்தார்கள். அந்த வருஷம் கார்த்திகையில்தான் வள்ளி போனாள்.

லாட்ஜில் வேலை முடித்துச் சாயங்கால வண்டியில் ஏறியவள் வீட்டுக்கு வரவில்லை. காலையில் பாலத்தடி மடுவில் மிதந்தாள். கையில் பையின் காது இறுக்கிப் பிடித்தபடியே இருந்தது. என்ன வேதனையில் ஆற்றில் குதித்தாளோ என்றார்கள். புருஷன் அடித்திருப்பான் என்றும் சொன்னார்கள். துலுக்காணம் அவளை ஒருநாளும் அடித்ததில்லை. ஆனால் அதை எப்படி நிரூபிப்பது?

இரண்டு வருஷம் கழித்து, அதே மாதத்தில், காலனியில் ஆடு மேய்க்கும் சுந்தரம்மாவின் மகன் சிரஞ்சீவி. கொத்தனார் வேலைக்குப் போய் வந்தவன், இருபத்திரண்டு வயது. அதே மடு. போன தை மாதம் இன்னொரு பெண். அதற்குப் பிறகு யாருக்கும் சந்தேகமே இல்லை. வள்ளிதான் தனியாக இருக்கப் பிடிக்காமல் ஆள் சேர்க்கிறாள்.

இந்த வருஷம் கார்த்திகை முதல் வாரத்தில் சுந்தரம்மா காலனி ஆட்களோடு துலுக்காணத்தின் வாசலுக்கு வந்தாள்.

"யப்பா துலுக்காணம், எம் புள்ளய துன்னுட்டா ஒம் பொண்டாட்டி. இன்னும் எத்தினி பேர துன்னா அவளுக்கு அடங்கும்?"

"அத்தே, உசுரோட இருந்தப்ப அவ ஒரு கோழிய அறுத்தவ இல்ல."

"செத்தப்புறம் பசி எடுத்துக்கிச்சு" என்றான் கூட்டத்தில் ஒருவன்.

சத்தியவேடு பக்கமிருந்து மந்திரக்காரன் வருகிறான், பாலத்தோரப் புளியமரத்தில் வள்ளியை ஆணியடித்துக் கட்டப்போகிறான் என்றாள் சுந்தரம்மா. ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவரான சர்பஞ்சு ஆதிநாராயணன் செலவை ஏற்றுக்கொண்டுவிட்டாராம். காலனிக்கு ஒரு தெருவிளக்குப் போடக் காசில்லாத பஞ்சாயத்து, பேய்க்கு ஆணியடிக்கச் சேவலும் சாராயமும் தந்தது. குறை ஒன்றுதான்: செத்தவள் கட்டிய சேலையைப் புருஷன் தன் கையால் கொடுக்க வேண்டும்.

துலுக்காணம் பேசுமுன் உள்ளேயிருந்து கல்பனா வந்தாள். அவன் மகள். பத்தாவது முடித்துவிட்டு, அம்மா வேலை செய்த அதே லாட்ஜில், ஆடி மாதத்திலிருந்து அறை கூட்டுகிறாள்.

"எங்கம்மா சேலய கட்டிக்கினுதான் நான் வேலைக்குப் போறேன். அத்த ஆணிக்குக் குடுத்துட்டு நான் இன்னாத்த கட்டிக்கினு போறது, பாட்டீ?"

"நீயும் அந்த வண்டிலதான வர? ஒன்னத்தான் மொதல்ல கூப்டுவா, பாத்துக்கோ" என்றாள் சுந்தரம்மா. சாபமாகச் சொல்லவில்லை. அவள் கண்ணில் மெய்யான பயம் இருந்தது.

அன்று துலுக்காணத்துக்குச் சோறு இறங்கவில்லை. வள்ளி பேயாக மாட்டாள் என்பது அவனுக்குத் தெரியும். பேய் என்றே ஒன்று கிடையாது என்றும் பலரிடம் வாதாடியவன்தான். ஆனால் குரலை அவனும் கேட்டிருக்கிறான். ஹால்ட்டின் தெற்கு முனையில் விளக்கடியில் நின்று டிக்கெட் வாங்கிப் போடும்போது, எஞ்சினின் இரைச்சலுக்குள் எங்கோ மெலிதாக. அப்போதெல்லாம் முதுகில் எறும்பு ஊர்ந்ததை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

"கல்பனா, நாளைலேந்து முன்பொட்டில வாம்மா."

"ஏறுனா தள்ளி உக்காருன்றாங்க நைனா. தள்ளித் தள்ளி வாசப்படிக்கே வந்துடறேன். அதுக்குப் பின்பொட்டியே மேலு."

அவன் படுத்தபடி யோசித்தான். இந்தப் பேய் ஏன் ஊர்க்காரர் ஒருவரையும் தொடவில்லை? அவர்களும் அதே வண்டியில்தானே வருகிறார்கள்? ஏன் வைகாசியிலும் ஆனியிலும் வருவதில்லை? செத்தபிறகும் சாதி பார்த்து, மாதம் பார்த்துப் பிடிக்கிற பேய் அவனுக்குப் பேயாகத் தோன்றவில்லை. யாரோ ஏற்பாடு செய்ததுபோல் இருந்தது.

மறுநாள் பொழுது சாய்ந்ததும் அரிக்கேன் விளக்கைக் கம்பத்தில் மாட்டினான். ரோட்டுக்குச் சற்று இப்பால் நிற்கும் கம்பம் அது. எஞ்சின் அந்த விளக்கருகே வந்து நிற்கும். ஹால்ட் திறந்த நாளிலிருந்து அப்படித்தான். வழக்கமாக அங்கேயே காத்திருப்பவன், அன்று விளக்கை மட்டும் விட்டுவிட்டு ஆற்றுக்கு இறங்கினான்.

பாலத்தின் முதல் தூணடியில் மணல் ஈரமாக இருந்தது. நான்கு வருஷத்தில் அவன் இங்கே வந்ததில்லை. மடுவில் தண்ணீர் அசையாமல் கறுத்துக் கிடந்தது. தவளைகள் கத்திக்கொண்டிருந்தன, திடீரென்று எல்லாம் ஒன்றாக நிறுத்தின. தூண் அவன் முதுகில் நடுங்கத் தொடங்கியது. தலைக்கு மேல் வண்டி இரைந்தது, பெட்டி பெட்டியாக, போய்க்கொண்டே இருந்தது. பிறகு பிரேக் கிறீச்சிட்டு, எல்லாம் நின்றது.

தலைக்கு மேலே வானம் தெரியவில்லை. அங்கே ஒரு பெட்டி நின்றது. அதற்குப் பின்னால் இன்னொரு பெட்டி, மடுவுக்கு நேர் மேலே. ஒரு ஜன்னலிலும் வெளிச்சம் இல்லை. எஞ்சின் தூரத்தில் எங்கோ மூச்சு விட்டது.

"வந்துட்ச்சா?"

வள்ளியின் குரல்.

சந்தேகமே இல்லை. கடைசி எழுத்தைச் சற்று நீட்டிக் கேட்கும் அதே குரல். பதினாறு வருஷம் அவன் காதருகே பேசிய குரல். அவனுடைய அறிவெல்லாம், வாதமெல்லாம் எங்கே போயிற்றோ, பிள்ளை வயதில் படிந்த ஒரே பாடம் எழுந்து நின்றது: பேசாதே. மூன்று தரம் ஆகட்டும்.

"வந்துட்ச்சாங்க?"

அப்போது மேலேயிருந்து ஒரு கால் இறங்கியது.

வாசற்படியின் கடைசித் தட்டிலிருந்து, வெறும் கால், விரல்களை நீட்டி, காற்றில் இப்படியும் அப்படியும் துழாவியது. தரையைத் தேடியது. மண் பிளாட்பாரம் தாழ்வாக இருப்பதால் அங்கே இறங்குகிற எல்லோரும் அப்படித்தான் காலால் துழாவி இறங்குவார்கள். வள்ளியும் அப்படித்தான். இந்தக் கால் துழாவியதற்குக் கீழே மூன்று ஆள் உயரத்துக்கு ஒன்றுமில்லை. காலுக்கு மேலே சேலை விளிம்பு ஆடியது. அது அவனுக்குத் தெரிந்த விளிம்பு.

"வர்ல! எறங்காத! கால இழு, கல்பனா, கால இழு!"

அந்தக் கத்தல் தன்னுடையது என்று அவனுக்கே தெரியவில்லை. கால் சட்டென்று மேலே போனது. பெட்டிக்குள் ஒருத்தி வீறிட்டாள், பிறகு பெட்டி முழுக்க வீறிட்டது. வண்டி ஊதிக்கொண்டு நகர்ந்தது. அவன் மணலில் உட்கார்ந்து வாந்தி எடுத்தான்.

கல்பனாவும் மற்றவர்களும் அடுத்த ஸ்டேஷனான ஏகாம்பரகுப்பத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து வந்துசேர்ந்தார்கள். நடந்ததை அவன் சொன்னான். அவள் வெகுநேரம் தன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆம்பளக் கொரலு தண்ணிக்குள்ளேந்து எம்பேரச் சொல்லிச்சு நைனா. எமன்னு நெனச்சிட்டேன்."

"நான்தாம்மா."

"தெரியாம போச்சே. நீ அப்டிக் கத்தி நான் கேட்டதே இல்ல."

விடிவதற்குள் காலனியில் கதை மாறிவிட்டது. வள்ளி தனியாக இல்லை, ஒரு ஆண்பேயையும் சேர்த்துக்கொண்டாள், அது தண்ணீருக்குள்ளிருந்து பேர் சொல்லிக் கூப்பிடுகிறது. மந்திரக்காரன் இன்னொரு ஆணியும் இன்னொரு சேவலும் கேட்டனுப்பினான்.

ஆணியடிக்கும் நாள் சாயங்காலம் புளியமரத்தடியில் காலனியே கூடியிருந்தது. மந்திரக்காரன் மாவில் கோடு போட்டுக்கொண்டிருந்தான். துலுக்காணம் வெறுங்கையோடு வந்தான்.

"சேல எங்கப்பா?" என்றாள் சுந்தரம்மா.

"குடுக்கறேன் அத்தே. அதுக்கு முன்ன எல்லாரும் எங்கூடப் பாலத்தடிக்கு வாங்க. வண்டி வர்ற நேரந்தான்."

"பைத்தியமா ஒனக்கு? அந்நேரத்துக்கு எவன் வருவான் அங்க?"

"மந்திரக்காரரும் கூட வரட்டும். அவருக்கு இன்னா பயம்?"

மந்திரக்காரனுக்கு இதைத் தட்டமுடியவில்லை. அவன் நடந்ததும் கூட்டமும் ஒட்டிக்கொண்டு நடந்தது. தூணடியில் போய் நின்றார்கள். தவளைச் சத்தம் நின்றது. வண்டி இரைந்து, தேய்ந்து, தலைக்கு மேல் நின்றது. கூட்டம் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டது.

"வந்துட்ச்சாபா?" என்றது மேலேயிருந்து ஒரு ஆண் குரல்.

துலுக்காணம் டார்ச்சை மேலே அடித்தான். திறந்த கதவில் ஒரு இளைஞன், ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மறு கையில் டிபன் பையோடு, ஒரு காலை வெளியே விட்டு நின்றான். வெளிச்சத்தில் கண் கூசியது அவனுக்கு.

"அத்தே, சொல்லுங்க. வந்துட்ச்சான்னு கேக்கறான், சொல்லுங்க!"

சுந்தரம்மா டார்ச் வெளிச்சத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"வர்ல" என்றாள். பிறகு பெருங்குரலில், "வர்ல யப்பா! எறங்காத! உள்ள போ!"

இளைஞன் கீழே பார்த்தான். "யம்மா!" என்று அலறிக் காலை இழுத்துக்கொண்டான். வண்டி போய்விட்டது.

"எந்தப் பேயும் நம்மளக் கூப்டல" என்றான் துலுக்காணம். "நம்ம ஆளுங்கதான். பொட்டிய அதிகமாக்குனதுலேந்து வாலு பாலத்துமேல நிக்குது. வைகாசி, ஆனியில வெளிச்சத்துல பாத்து முன்னாடி பொட்டிக்கு நவுந்து எறங்கிடறாங்க; கார்த்தியில, இருட்டுல கரை வந்துதான்னு தெரியாம நம்மளத்தான் கேட்டாங்க. நாம வாயப் பொத்திக்கினு இருந்தோம். முன்னல்லாம் பிளாட்பாரத்துல நின்னுக்கினு 'வந்துட்ச்சு எறங்கு'ன்னு சொல்லுவோமே, மறந்துட்டீங்களா? வள்ளிக்குப் பேய்னு பேரு வச்சப்புறம் நிக்கறதுக்கே ஆளு இல்ல."

மந்திரக்காரன் மெல்ல நழுவினான். சேவலை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டான்.

சுந்தரம்மா நின்ற இடத்திலேயே நின்றாள். "அன்னிக்கு நான் இங்கதான் இருந்தேன்" என்றாள், யாரையும் பார்க்காமல். "அந்த வளைவாண்ட. ஆடு ஓட்டிக்கினு. வந்துட்ச்சான்னு ஒரு தரம் கேட்ச்சு. ஓடுனேன். பின்னாடியே இன்னொரு தரம் கேட்ச்சு. காதப் பொத்திக்கினு ஓடுனேன்." அவள் துலுக்காணத்தின் கையைப் பற்றினாள். "எம் புள்ள கொரலு எனக்குத் தெரியாமயா போச்சு?"

அந்தக் கையை அவன் விடவில்லை. தன் மகளின் குரலைச் செத்தவளின் குரல் என்று நினைத்து நடுங்கியவன்தானே அவனும்.

மறுநாள் சாயங்காலம் துலுக்காணம் விளக்கை ஏற்றினான், கம்பத்தைத் தாண்டினான், ரோட்டையும் தாண்டினான். தண்டவாளத்தோரமாக இரண்டு பெட்டி நீளம் நடந்து, விளக்கைத் தூக்கிப் பிடித்து நின்றான். ரோட்டோரம் சர்பஞ்சு ஆதிநாராயணன் ஜீப்பில் வந்து நின்றார்.

"ஏன்டா துலுக்காணம், வெளக்கு எங்கடா போவுது?"

"வாலு கரைக்கு வரணும் ஐயா. எஞ்சின் இங்க வந்தாத்தான் வரும்."

"அப்ப ரோட்ட அடச்சிக்கினு நிக்குமே! பால்வண்டி போவத்தேவல? டிராக்டர் போவத்தேவல?"

"ஒரு நிமிசம் ஐயா."

"அந்த ஒரு நிமிசத்துக்குத்தான்டா, பொட்டி சேத்தப்பவே கம்பத்த நவுத்த வந்த ரயில்வேக்காரன திருப்பி அனுப்சேன். பின்னாடி ரெண்டு பொட்டி ஆத்துமேல நிக்கும்னான். நின்னா நிக்கட்டும், முன்பொட்டில ஏறிக்கினு வரட்டும்னேன்."

சொல்லி முடித்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்று அவருக்குப் புரிந்தது போலிருந்தது. துலுக்காணம் விளக்கை இறக்கவில்லை.

"உங்களுக்குத் தெரியுமா ஐயா? நாலு வருசமா?"

"எனக்கு இன்னாடா தெரியும்? வள்ளி குதிச்சான்னாங்க. பேய்ன்னாங்க. ஆணிக்குப் பணங்கூடக் குடுத்தேனே" என்றார் ஆதிநாராயணன். அதை அவர் உண்மையாகவே சொன்னார். அதுதான் துலுக்காணத்தைச் சுட்டது. "வெளக்க எட்த்துக்கினு கம்பத்தாண்ட போ. இல்ல, நாளைக்கு இந்த ஏஜெண்டு வேலயில நீ இருக்கமாட்ட."

"நாளைக்குப் பாத்துக்கலாம் ஐயா."

பாலத்தின் மேல் வண்டி இரைந்தது. அவர் ஜீப்பை வேகமாகப் பின்னுக்கு எடுத்தார். எஞ்சின் பழைய கம்பத்தைக் கடந்தது, ரோட்டைக் கடந்தது, துலுக்காணத்தின் முகத்தில் அனல் வீச விளக்கருகே வந்து நின்றது. அவனுக்கும் சர்பஞ்சுக்கும் நடுவே ரோட்டை அடைத்துக்கொண்டு பெட்டிகள் சுவராக நின்றன. அந்தப் பக்கம் ஹாரன் அலறியது. வால் பக்கம் அவனுக்குத் தெரியவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். வெகுதூரத்தில் ஜல்லிக்கல் நறநறத்தது. கால்கள், நிறையக் கால்கள், மண்ணில் நடந்தன.

வண்டி போன பிறகு கல்பனா இருட்டிலிருந்து வந்தாள். மூச்சு வாங்கியது.

"நைனா, பாட்டி பாலத்தாண்ட குந்திக்கினு கீது. கூப்ட்டா எழுந்திருக்கல."

மகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவன் விளக்கோடு போனான். தண்டவாளம் ஆற்றின் மேல் ஏறும் இடத்தில் சுந்தரம்மா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாலம் முழுக்க வெறிச்சோடிக் கிடந்தது.

"எல்லாரும் எறங்கியாச்சு அத்தே. வா, போலாம்."

"இரு யப்பா" என்றாள் அவள், பாலத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல். "இன்னும் ஒருத்தன் எறங்கணும்."

துலுக்காணம் விளக்கைத் தரையில் வைத்தான். திரியைச் சற்று ஏற்றிவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.